கேளுங்க அக்கா: பருப்பு, பயறு, மாட்டுத் தீவனம், டிஎன்ஏ

இந்த மாசம் தபால்லயும் வாட்ஸ்அப்லயும் வந்ததுல பாதிக்கு மேல பருப்பு கேள்விதான், என்ன ஆச்சுன்னு தெரியல எல்லாருக்கும். சரி, அதை மட்டும் எடுத்துக்கிட்டேன். ராசி பலன், மாமியார் பிரச்சனை கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்குங்க.

கேள்வி: அக்கா, எங்க பக்கத்துக் கடையில லூஸ்ல ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்கினேன். அன்னிக்கே குடும்ப குரூப்ல ஒரு வீடியோ, துவரம்பருப்புல கேசரிப் பருப்பு கலக்குறாங்க, சாப்பிட்டா கால் விளங்காம போயிடும்னு. பயத்துல பொட்டலத்தைப் பிரிக்கவே இல்ல. டிஎன்ஏ டெஸ்ட் பண்ணா தெரியுமா?
— இல்லத்தரசி, பிரிக்பீல்ட்ஸ்

தெரியும். ஆனா நீங்க பண்ண வேண்டியதில்ல, ஏன்னு சொல்றேன்.

வீடியோவுல பாதி நெசம்தான். கேசரிப் பருப்பு, அதோட அறிவியல் பேர் லாத்தைரஸ் சட்டைவஸ், பட்டாணிக்குச் சொந்தக்காரச் செடி, அதுல ஓடிஏபின்னு ஒரு அமினோ அமிலம் இருக்கு, அது நரம்பைப் பாதிக்கும், காலை முடக்கிப்போடும். ஆனா எப்போன்னா மாசக்கணக்குல வேற எதுவும் இல்லாம அதையே முக்கிய சாப்பாடா தின்னா. பஞ்ச காலத்துல அப்படித்தான் நடந்தது, மழை பொய்ச்சு மத்த பயிரெல்லாம் கருகிப்போனாலும் இது நின்னு காய்க்கும், ஏழைங்க தட்டுல கடைசியா மிஞ்சுறது இதுதான். இந்தியாவுல 1961லயே விற்கத் தடை கொண்டு வந்தாங்க. வங்காளதேசத்துலயும் எத்தியோப்பியாவுலயும் இன்னிக்கும் சாப்பிடுறாங்க. நம்ம வீட்டு சாம்பார்ல நாலு பருப்பு தப்பித்தவறி விழுந்தா கால் போயிடாது, அது வீடியோக்காரரோட சொந்த மசாலா.

இப்போ டெஸ்டுக்கு வருவோம். நம்ம மலேசியாவுல சாப்பாட்டுல பன்றி கலந்திருக்கான்னு ஹலால் டெஸ்ட் பண்றாங்க இல்லையா, அதே பிசிஆர் வேலைதான் இங்கயும், அதாவது டிஎன்ஏ துண்டைப் பெருக்கிப் பாக்குறது. பருப்பை மாவா அரைச்சு, சிடேப்னு ஒரு சோப்பு வகை ரசாயனத்துல 60, 65 டிகிரி சூட்டுல ஊறவிட்டு, குளோரோஃபார்ம் ஊத்தி ஆட்டி, டிஎன்ஏவை மட்டும் தனியா பிரிப்பாங்க. பயறு வகையில மாவுச்சத்தும் தோல்ல துவர்ப்புச் சத்தும் நிறைய, அதெல்லாம் டிஎன்ஏவோட ஒட்டிக்கிட்டு வந்து பிசிஆரைக் கெடுக்கும், அதனால லேப்ல இருக்கிற பிள்ளைங்க திட்டிக்கிட்டே செய்யுற ஸ்டெப் இதுதான். அப்புறம் அந்த டிஎன்ஏவுல ஒரு குறிப்பிட்ட துண்டை மட்டும் பிசிஆர் மெஷின்ல கோடிக்கணக்கா பெருக்குவாங்க, கேரி முல்லிஸ் 1983ல யோசிச்ச முறை, 1993ல நோபல் பரிசு வாங்கிக் குடுத்துச்சு. அந்தத் துண்டோட எழுத்து வரிசையைப் படிச்சு, ஜென்பேங்க்னு உலகம் பூரா பொதுவா இருக்கிற டேட்டாபேஸ்ல போட்டு, எந்தச் செடியோட ஒத்துப்போகுதுன்னு பார்க்கணும், அவ்வளவுதான். துவரை கஜானஸ் கஜான், கேசரி லாத்தைரஸ், ரெண்டும் வேற வேற பேரினம், குழப்பமே வராது.

ஆனா இங்கதான் நிறைய பேர் தடுக்கி விழுறாங்க. நம்ம ஐசி, அதான் அடையாள அட்டை நம்பர்ல நடுவுல 07ன்னு இருந்தா பினாங்குல பொறந்தவர், 14ன்னா கேஎல்னு சொல்லிடலாம், ஆனா அவர் கடன் வாங்கினா திருப்பித் தருவாரான்னு அந்த நம்பர் சொல்லாது. இதுவும் அப்படித்தான். டிஎன்ஏ இது இந்தச் செடின்னு சொல்லும், இதுல விஷம் எவ்வளவுன்னு சொல்லாது. இந்தியாவுல ஓடிஏபி குறைச்சலா இருக்கிற கேசரி ரகங்க கூட உருவாக்கியிருக்காங்க, ரத்தன், பிரதீக், மகாதியோரான்னு, அதையும் சாதா கேசரியையும் இந்த டெஸ்ட் ஒரே பேர்லதான் கூப்பிடும். விஷ அளவு வேணும்னா அது கெமிஸ்ட்ரி டெஸ்ட், வேற மெஷின், வேற பில்லு.

இன்னொண்ணு, கலப்படம்னாலே ரெண்டு மூணு செடி ஒண்ணா அரைஞ்சிருக்கும். சாதாரண முறையில படிச்சா ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசுறதைக் கேக்குற கதைதான், ஒண்ணும் புரியாது. அதுக்கு கேசரியை மட்டும் தேடிப் பிடிக்கிற பிரைமர்னு ஒரு குட்டி டிஎன்ஏ துண்டு போடணும், இல்லன்னா ஆயிரக்கணக்கான துண்டுகளை ஒரே நேரத்துல தனித்தனியா படிக்கிற புது மெஷின்ல போடணும். அப்பவும் கேசரி இருக்குன்னு வந்தா, கடைக்காரர் வேணும்னே கலந்தாரா இல்ல வயல்லயோ மில்லுலயோ தானா கலந்துச்சான்னு சொல்லாது.

நீங்க செய்ய வேண்டியது, ஒரு பிடி பருப்பை வெள்ளைத் தட்டுல கொட்டி ஜன்னலோரமா வச்சுப் பாருங்க. துவரம்பருப்பு ஒழுங்கா அரை வட்டமா இருக்கும், கேசரி கோணலா ஒரு பக்கம் சரிஞ்சிருக்கும். இதெல்லாம் முழுப் பருப்பு வரைக்கும்தான். மாவா அரைச்சுட்டா கண்ணுக்கு வேலையே இல்ல, அந்த இடத்துலதான் டிஎன்ஏ தேவைப்படும். பொட்டலத்தைப் பிரிச்சு சாம்பார் வையுங்க.

கேள்வி: லெபோ பசார்ல மைசூர் பருப்பு வாங்குறேன், சில சமயம் ரொம்ப மலிவா கிடைக்குது. மைசூர் பருப்பு மாதிரியே வேற பருப்பு இருக்கா?
— வாசகர், ஜார்ஜ் டவுன்

இருக்கு, அது மாட்டுத் தீவனம். அதிர்ச்சி ஆகாதீங்க, உங்க பருப்பைச் சொல்லல.

விசியா சட்டைவான்னு ஒரு செடி, இங்கிலீஷ்ல வெட்ச்னு சொல்லுவாங்க, குளிர்ப்பிரதேசத்துல ஆடு மாட்டுக்கு மேய்ச்சலுக்கும் வைக்கோலுக்கும் போடுறது. அதுல பிளான்ச்ஃப்ளூர்னு ஒரு ரகத்தோட விதையைத் தோலுரிச்சு உடைச்சா அப்படியே ஆரஞ்சு கலர்ல மைசூர் பருப்பு மாதிரியே இருக்கும். ஆஸ்திரேலியாவுல விளைஞ்சது மலிவுங்கறதால மைசூர் பருப்புக்குப் பதிலா வெளிநாட்டுச் சந்தைக்குப் போக ஆரம்பிச்சுச்சு, அந்த விதையில சயனோஅலனைன் வகை நச்சு இருக்கு, இது மனுஷன் சாப்பிடுறதுக்கு இல்லன்னு 1992ல நேச்சர் பத்திரிகையில விஞ்ஞானிங்க எச்சரிச்சாங்க. அப்புறம்தான் பல நாடு முழிச்சுக்கிச்சு.

எனக்கு இந்தக் கதை ஏன் பிடிக்கும்னா, தீவனப் பயறு சாப்பாட்டுப் பயறுங்கிற கோடு செடியில இல்ல, நம்மகிட்டதான் இருக்குன்னு காட்டுது. அகத்தியை அமாவாசைக்கு மாட்டுக்கும் குடுக்குறோம், நாமும் பொரியல் பண்றோம். வெட்ச்சும் மைசூர் பருப்பும் ஒரே குடும்பத்துல ரொம்பக் கிட்டத்துச் சொந்தம், உடைச்சு பாலிஷ் போட்டுட்டா அனுபவப்பட்ட கடைக்காரரே ஏமாறுவார், ஆனா டிஎன்ஏவுல மேட்கேங்கிற ஜீன் துண்டையும் ஐடிஎஸ்ங்கிற துண்டையும் படிச்சா பிரிச்சுச் சொல்லிடலாம். பருப்பு இறக்குமதி பண்றவங்க, கன்டெய்னர் கணக்குல வாங்குறவங்க இந்த டெஸ்டுக்குச் செலவு பண்றது நியாயம். உங்க ஒரு கிலோவுக்கு எந்த நாட்டுலேர்ந்து வந்துச்சுன்னு பாக்கெட்டைப் பார்த்து வாங்குனா போதும். பாக்கெட்டே இல்லாம சாக்குலேர்ந்து அள்ளிப் போடுறார்னா சாக்குல என்ன எழுதியிருக்குன்னு கேளுங்க, கோவிச்சுக்க மாட்டார்.

கேள்வி: கேன்டீன் நடத்துறேன் அக்கா. சப்ளையர் கடலைப்பருப்புன்னு சொல்லி மஞ்சள் பட்டாணிப் பருப்பு குடுக்குறார்னு சந்தேகம். வடையா சுட்டப்புறமும் டிஎன்ஏ இருக்குமா?
— கேன்டீன்காரர், செந்தூல்

இருக்கும், ஆனா நொறுங்கிப் போயிருக்கும். எண்ணெய் சூட்டுல டிஎன்ஏ இழை துண்டு துண்டா அறுந்துடும், 500, 800 எழுத்து நீளத் துண்டைத் தேடினா கிடைக்காது. அதுக்காகத்தான் மினி பார்கோடுன்னு குட்டித் துண்டு வச்சிருக்காங்க, டிஆர்என்எல்ங்கிற ஜீனோட பி6 லூப்னு ஒண்ணு, செடிக்குச் செடி 10லேர்ந்து 143 எழுத்து வரைக்கும்தான் இருக்கும், வடையிலயும் பிடிக்கலாம், டின்ல அடைச்ச பயறுலயும் பிடிக்கலாம். கடலை சைசர் அரியட்டினம், பட்டாணி பைசம் சட்டைவம், பிரிக்க முடியும்.

ஆனா தம்பி, வடை சுடுறதுக்கு முன்னாடியே பாத்துடலாமே. பட்டாணிப் பருப்பு வழவழன்னு ஒரே மாதிரி உருண்டையா இருக்கும், கடலைப்பருப்பு கொஞ்சம் மேடு பள்ளமா ஒரு ஓரத்துல மூக்கு நீட்டிக்கிட்டிருக்கும். பட்டாணிப் பருப்பு உடம்புக்குக் கெடுதல் ஒண்ணும் இல்ல, எத்தனையோ கடையில வடை அதுலதான். கடலைப்பருப்பு காசு வாங்கிட்டு அதைக் குடுத்தார்னா அது பணப் பிரச்சனை, லேப் பிரச்சனை இல்ல.

கேள்வி: ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு மஸ்ஜித் இந்தியா பக்கம் கடைகள்ல வாங்குன பயறு வகைகள்ல ஆர்பிசிஎல்ங்கிற ஜீனைப் படிச்சு டேட்டாபேஸ்ல பார்த்தேன். பச்சைப்பயறு, உளுந்து, காராமணி மூணுமே 99 சதவீதம் 99 சதவீதம்னு ஒரே லிஸ்ட்டைக் காட்டுது. என் டெஸ்ட் தப்பா?
— பல்கலைக்கழக மாணவி, கோலாலம்பூர்

இல்லம்மா, நீ பார்த்த ஜீன்தான் உனக்கு உதவல.

இதோட பின்னணி கொஞ்சம் சொல்றேன், வாசகர்களும் படிக்கட்டும். 2003ல கனடாவுல குவெல்ஃப் பல்கலைக்கழகத்துல பால் ஹீபர்ட்னு ஒருத்தர், எல்லா உயிரினத்தையும் ஒரு சின்ன டிஎன்ஏ துண்டை வச்சே அடையாளம் காணலாம்னு சொன்னார், டிஎன்ஏ பார்கோடுன்னு பேர். மிருகத்துக்கு அவர் எடுத்தது மைட்டோகாண்ட்ரியாவுல இருக்கிற சிஓஐ ஜீன். செடியில அந்த ஜீன் ரொம்ப மெதுவாத்தான் மாறும், பக்கத்துப் பக்கத்து இனங்களுக்குள்ள வித்தியாசமே தெரியாது. செடிக்கு எதை எடுக்கிறதுன்னு வருஷக்கணக்கா சண்டை போட்டு 2009ல பச்சையம் இருக்கிற பசுங்கணிகத்துக்குள்ள இருக்கிற ஆர்பிசிஎல், மேட்கே ரெண்டையும் சேர்த்து வச்சுக்கலாம்னு ஒரு சர்வதேசக் குழு பரிந்துரை பண்ணுச்சு. ரெண்டையும் சேர்த்துன்னு சொன்னதுக்குக் காரணம் இருக்கு. ஆர்பிசிஎல் எல்லாச் செடியிலயும் சுலபமா கிடைக்கும், ஆனா சொந்தக்காரங்களைப் பிரிக்கத் திணறும். மேட்கே நல்லா பிரிக்கும், ஆனா சில செடியில பிசிஆர்ல வராம அழவைக்கும்.

நீ எடுத்த மூணும் விக்னாங்கிற ஒரே பேரினம். பச்சைப்பயறு விக்னா ரேடியேட்டா, உளுந்து விக்னா முங்கோ, காராமணி விக்னா அங்குயிகுலாட்டா. முதல் ரெண்டும் ஒட்டுன சொந்தம், ஒரு காலத்துல ரெண்டையும் ஃபேசியோலஸ்னு பீன்ஸ் பேரினத்துல வச்சிருந்தாங்க, பழைய பதிவுல இன்னும் அந்தப் பேரைப் பாக்கலாம். அதனால மேட்கேயும் ஐடிஎஸ்2வும் சேர்த்துப் பாரு. ஐடிஎஸ்2ங்கிறது முன்னாடி சொன்ன ஐடிஎஸ்ஸோட ஒரு பகுதி, நியூக்ளியஸ்ல இருக்கிறது, சின்னது, வேகமா மாறுறது, பயறு வகைக்கு நல்லாவே வேலை செய்யும்.

சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவு எழுதாத. டேட்டாபேஸ்ல யார் வேணும்னாலும் பதிவு போடலாம், தப்பான பேர்ல போட்ட செடிங்க நிறைய கிடக்கு. முதல்ல வர்ற பேரைக் காப்பி பண்ணி ரிப்போர்ட்ல ஒட்டுறதுதான் எல்லாரும் பண்றது, எக்ஸாமினர் கேக்குற முதல் கேள்வியும் அதுதான். அந்தப் பதிவுக்குப் பின்னாடி ஹெர்பேரியத்துல, அதான் காயவச்ச செடிகளைச் சேர்த்து வைக்கிற இடத்துல, மாதிரிச் செடி இருக்கான்னு பாரு, இருந்தா நம்பு. கெப்போங்ல இருக்கிற ஃப்ரிம்ங்கிற வன ஆராய்ச்சி நிலையத்துலயும் மலாயா பல்கலைக்கழகத்துலயும் ஹெர்பேரியம் இருக்கு, போய் கேட்டுப் பாரு. அதோட உன் பயறை ஒரு தொட்டியில விதைச்சு விடு, ரெண்டு மாசத்துக்குள்ள பூத்துக் காய்ச்சுடும், உளுந்துக் காய் முடி முடியா மேல பார்த்து நிக்கும், பச்சைப்பயறுக் காய் அவ்வளவு முடி இல்லாம பக்கவாட்டுல தொங்கும். விதையிலயே பாக்கலாம், உளுந்துல வெள்ளைத் தழும்போட ஓரம் எழும்பியிருக்கும், பச்சைப்பயறுல தட்டையா இருக்கும். ப்ராஜெக்ட்ல இந்தப் படத்தைப் போட்டா உன் டிஎன்ஏ ரிசல்ட்டுக்கு ஒரு சாட்சி.

காச்சாங் பாஞ்சாங், அதான் நீளப் பயறங்காய் வாங்கியிருந்தா அதுவும் காராமணி இனம்தான், உபரகம் மட்டும் வேற. மொச்சையும் அவரையும் கூட ரெண்டும் லாப்லாப் பர்பூரியஸ்தான். வெள்ளைக் கொண்டைக்கடலை, கறுப்புக் கொண்டைக்கடலைக்கும் அதே கதை. ரகம் பிரிக்கணும்னா பார்கோடு பத்தாது, எஸ்எஸ்ஆர், எஸ்என்பின்னு ஜீனோம்ல பல இடத்தை ஒரே நேரத்துல பாக்கிற மார்க்கர் வேணும். துவரைக்கும் கொண்டைக்கடலைக்கும் முழு ஜீனோமே படிச்சு வெளியிட்டாச்சு, ஹைதராபாத்ல இருக்கிற இக்ரிசாட்ங்கிற பயிர் ஆராய்ச்சி நிலையம் முன்னாடி நின்னு பண்ண வேலை, 2013ல கொண்டைக்கடலை வந்துச்சு, துவரை அதுக்கும் முன்னாடி. அடுத்த வருஷமே பச்சைப்பயறும் வந்துச்சு, அது கொரியாக்காரங்க. அதனால மார்க்கருக்குப் பஞ்சம் இல்ல, உன் சூப்பர்வைசர்கிட்ட பட்ஜெட்டுக்குத்தான் பஞ்சம்.

கேள்வி: தங்கச்சி, செம்பனைத் தோட்டத்து ஓரத்துல இருக்கிற கொடி எல்லாத்தையும் அறுத்து மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடுறேன். எல்லாம் பயறு வகைக் கொடின்னு சொல்றாங்க. எது நல்லது எது கெட்டதுன்னு டிஎன்ஏவுல பாக்க முடியுமா?
— மாடு வளர்க்கும் வாசகர், நிபோங் திபால்

வணக்கம் அண்ணே. உங்க கேள்விதான் இந்த மாசத்துலயே நல்ல கேள்வி.

அந்தக் கொடிங்க தானா முளைச்சது இல்ல, பால்மரக் காலத்துலேர்ந்தே மண்ணு அடிச்சுக்கிட்டுப் போகாம இருக்கவும் தழைச்சத்து சேரவும் தோட்டத்துல விதைச்சது. பூரேரியா, சென்ட்ரோசீமா, கலபகோனியம், இப்போ நிறைய இடத்துல முக்குனா பிராக்டியாட்டா. மூணு இலை மூணு இலையா இருக்கும், இலையை மட்டும் பார்த்தா எல்லாம் ஒண்ணுதான்னு தோணும். பூரேரியாவும் சென்ட்ரோசீமாவும் மாடு விரும்பித் தின்னும். கலபகோனியம் இலை பூரா முடி, அவ்வளவா பிடிக்காது. முக்குனாவை அநேகமா தொடாது. இதுல உங்க மாடே ஒரு லேப், எதை விட்டுட்டுப் போகுதுன்னு பாருங்க. பூ வந்துட்டா நீங்களே பிரிச்சுடலாம், சென்ட்ரோசீமா பூ பெருசா இளஞ்சிவப்பு கலந்த ஊதாவுல நம்ம சங்குப்பூ சைஸ்ல இருக்கும், கலபகோனியம் பூ குட்டியா நீலமா இருக்கும்.

கவனிக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, பெத்தாய் பெலாலாங், ஊர்ல சவுண்டல்னு சொல்ற மரம். புரதம் நிறைய, ஆடு மாடு ஆசையா தின்னும், ஆனா மிமோசின்னு ஒரு நச்சு இருக்கு, அளவு மீறினா முடி கொட்டும், தொண்டைக் கழலை வரும். மொத்தத் தீவனத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல போகாம பாத்துக்குங்க. இதுல ஒரு வேடிக்கை, ஹவாய் தீவுல ஆடுங்க இதையே தின்னுட்டு ஜாலியா இருந்துச்சு, ஆஸ்திரேலியாவுல அதே இலை தின்ன மாடுங்களுக்குக் கோளாறு வந்துச்சு. ரேமண்ட் ஜோன்ஸ்னு ஒரு விஞ்ஞானி தேடிப் பார்த்தா ஹவாய் ஆட்டு வயித்துல அந்த நச்சை உடைக்கிற பாக்டீரியா இருக்கு. அதை ஆஸ்திரேலியா மாடுங்களுக்கு ஏத்தினாங்க, சரியாப் போச்சு. பாக்டீரியாவுக்கு அவர் பேரையே வச்சுட்டாங்க, சினெர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை. அப்போ யோசிச்சுப் பாருங்க, இலையோட டிஎன்ஏ ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதான், வயித்துக்குள்ள இருக்கிறதுதான் வேற.

ரெண்டாவது, கிலுகிலுப்பை. மஞ்சள் பூ, காய் காஞ்சா ஆட்டினா சத்தம் வரும். அதுவும் பயறுக் குடும்பம்தான், ஆனா ஈரலைக் கெடுக்கிற நச்சு பல இனங்கள்ல உண்டு, அதை அறுக்காதீங்க. அறுத்த புல்லோட கலந்து காஞ்சுட்டா அடையாளமே தெரியாது.

டிஎன்ஏ உங்களுக்கு எங்க பிரயோசனம்னா சாணியில. சிரிக்காதீங்க, நெசமாத்தான். போன ஒண்ணு ரெண்டு நாள்ல மாடு எந்தெந்தச் செடி தின்னுச்சுன்னு சாணியில இருக்கிற டிஎன்ஏவைப் படிச்சு லிஸ்ட் எடுக்கலாம், மேல வடைக்குச் சொன்னேனே, அதே பி6 லூப் குட்டித் துண்டுதான், வயித்துல செரிச்சதுக்கு அப்புறமும் மிஞ்சுறது அதுதான். காட்டு மிருகத்துக்கு இதை நிறைய செய்யுறாங்க. உங்க மாடு நோஞ்சானா போய், வெட்டினரி டாக்டருக்கும் என்ன தின்னுச்சுன்னே தெரியலன்னா அப்போ கேட்டுப் பாக்கலாம். அதைத் தவிர உங்களுக்குத் தேவை பூவோட காயோட ஒரு நல்ல போட்டோ, மார்டிங்கிற விவசாய ஆராய்ச்சி நிலையத்து ஆளுங்களோ வெட்டினரி ஆபீசோ பார்த்துச் சொல்லிடுவாங்க.

கேள்வி: பையனுக்கு ஜி6பிடிங்கிற என்சைம் குறைபாடு, பொறந்தப்பவே ரத்தத்துல பார்த்துச் சொன்னாங்க. பயறே குடுக்காதேன்னு அத்தை சொல்றாங்க. பாக்கெட்ல விக்கிற காச்சாங்ல, அதான் பயறு கொறிக்கிறதுல, எது எதுன்னு டெஸ்ட் பண்ணலாமா?
— தாய், பாயான் லெப்பாஸ்

டெஸ்ட் வேண்டாம், லேபிள் போதும். கட்டாயம் தவிர்க்க வேண்டியது விசியா ஃபாபா, பிராட் பீன், இங்க பொரிச்சு காச்சாங் பாராங்னு பாக்கெட்ல விக்கிறது. அதுல இருக்கிற வைசின், கன்வைசின் ரெண்டும்தான் இந்தப் பிள்ளைங்களோட சிவப்பணுவை உடைக்கும். காச்சாங் பாராங்ங்கிற பேரை வாளவரைக்கும் சொல்றாங்க, அதனால பேரை நம்பாம உள்பொருள் வரியைப் படிங்க. மத்த பருப்பு பயறு எது குடுக்கலாம்னு உங்க குழந்தை டாக்டர்கிட்ட ஒரு தடவை லிஸ்ட் போட்டுக் கேட்டுடுங்க, அத்தை சொன்னாங்கன்னு சாம்பாரையே நிறுத்திடாதீங்க.

கேள்வி: கடலை எண்ணெய்ல சோயா எண்ணெய் கலந்திருக்கான்னு டிஎன்ஏ சொல்லுமா?
— வாசகர், பத்து கேவ்ஸ்

செக்குல ஆட்டுனதா இருந்தா கொஞ்சம் கிடைக்கலாம். ரிஃபைன் பண்ணதுல டிஎன்ஏ கிட்டத்தட்ட எல்லாமே போயிடும், எண்ணெய்க்குக் கொழுப்பு அமிலம் பாக்குற டெஸ்ட்தான் சரி.

கேள்வி: மரபணு உள்ள பயறு சாப்பிட்டா நம்ம மரபணு மாறுமா?
— வாசகர், ஆயர் ஈத்தாம்

மரபணு இல்லாத பயறு ஒண்ணு இருந்தா எனக்கும் ஒரு கிலோ வாங்கிட்டு வாங்க.

கேள்வி: எங்க தாத்தா காலத்துக் கொடி அவரை ஒண்ணு தோட்டத்துல இருக்கு, பேர் யாருக்கும் தெரியல. லேப்ல குடுக்கணும்னா எப்படி எடுத்துட்டுப் போறது?
— வாசகி, செராஸ்

நல்ல இளம் இலையா, பூச்சி பூஞ்சை இல்லாததா நாலஞ்சு பறிச்சு, டிஷ்யூல ஈரத்தை ஒத்தி எடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட ஜிப் பையில வையுங்க, இலை எடையைவிட ஒரு பத்து மடங்கு ஜெல் இருக்கணும், ஷூ டப்பாவுல வர்ற ஒரு குட்டிப் பாக்கெட் பத்தாது. ஈர இலையை அப்படியே பிளாஸ்டிக்ல கட்டி கார்ல வச்சீங்கன்னா மத்தியானத்துக்குள்ள அழுகிடும், அப்புறம் லேப்ல பூஞ்சையோட டிஎன்ஏதான் வரும். இலை எடுத்த அதே கொடியிலேர்ந்து பூ, காய், காஞ்ச விதை எல்லாம் போட்டோ எடுங்க, பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு. பூ காயோட ஒரு சின்னக் கிளையை நியூஸ்பேப்பருக்கு நடுவுல வச்சு மேல பாரம் ஏத்திக் காயவையுங்க, தேதியும் இடமும் எழுதுங்க. ஒரு செடிக்கு ஒரு பை, ரெண்டு செடி இலையை ஒரே பையில போடாதீங்க. விதையில பாதியை வீட்டுலயே வச்சுக்குங்க, லேப்ல அரைச்சது திரும்பி வராது.